வேலிக்குள் உண்ட சோறு

அக்கா,

போன வாரம் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைக்குப் போயிருந்தேன். மகன் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். வாசலில் காவலுக்கு நின்ற பெண், "பேக்க கொஞ்சம் தொறங்கம்மா" என்று சொல்லி, கையுறை போட்ட விரல்களால் துழாவினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. உங்களிடம் பார்த்தது.

வெள்ளைக்காரர்கள் அவசரகாலச் சட்டம் போடுவதற்கு முன், அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நீங்களும் நானும் அடுத்தடுத்த மர நிரைகளில் பால் வெட்டினோம். வெட்டி முடித்து, மங்குகளில் பால் வடியக் காத்திருக்கும் நேரம்தான் சாப்பாட்டு நேரம். பெண்கள் ஒரே இடத்தில் கூடித் தூக்குச்சட்டிகளைத் திறப்போம். யார் வீட்டுக் கருவாடு யார் சோற்றில் விழுந்தது என்று எவரும் பார்த்ததில்லை. அந்த உட்காரலும் வேலையில் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தோம்.

பிறகு நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம். அரிசியோ சமைத்த சோறோ வேலிக் கேட்டைத் தாண்டினால் சிறை. ஆண்களைப் போலீஸ்காரர் சோதித்தார். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டியிருந்தது. மேட்டுக்காட்டில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கிக் கிடந்த உங்களைத் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி கூப்பிட்டு அனுப்பினார்.

"மேடு ஏற முடியல. நின்ன எடத்துல வேலங்கிறாங்க. வேணாம்னுட்டு நான் என்னா செய்வேன்?" என்றீர்கள்.

தோட்டத்தில் அதுவரை அப்படி ஒரு வேலை இருந்ததில்லை. வெட்டவும் களை எடுக்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் ஆள் வைத்திருந்தார்கள். கூட வேலை செய்தவளின் இடுப்பைத் தடவிப் பார்க்க ஆள் வைத்தது அப்போதுதான். விடியுமுன் நாங்கள் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்போம். நீங்கள் எங்கள் தலைக்கு மேல் பார்த்தபடி தடவி அனுப்புவீர்கள். என்னையும் அப்படித்தான் அனுப்பினீர்கள். குழாயடிக்கு நீங்கள் வந்தால், "மாத்தா வருதுலா, தள்ளிக்க" என்று காதுபடச் சொன்னார்கள். போலீஸ்காரரை நாங்கள் அழைத்த பெயர் அது. நீங்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவீர்கள்.

வெறும் காப்பித் தண்ணியோடு போய், பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, உச்சிவெயிலில் திரும்பித்தான் சாப்பாடு. சிலர் மரத்தடியிலேயே மயங்கி விழுந்தார்கள்.

பிள்ளை பெற்று அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்த அஞ்சலை, ஒருநாள் எனக்கு முன்னால் நின்றாள். உங்கள் கை அவள் மடியில் நின்றுவிட்டது. உள்ளே வாழை இலைப் பொட்டலம். போலீஸ்காரர் திரும்பிப் பார்த்துவிட்டார். காட்டிக் கொடுத்தால் அவள் சிறைக்குப் போவாள். மறைத்தால் நீங்களும் சேர்ந்து போவீர்கள்.

நீங்கள் பொட்டலத்தை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தீர்கள்.

"உக்காரு. இங்கயே தின்னு."

"அக்கா..."

"தின்னுன்னு சொல்றேன்ல."

கங்காணி ஓடிவந்தார். "என்னா தாமசம் அங்க?"

"சாப்புடுறா. இன்னும் வேலி தாண்டலலா," என்றீர்கள்.

போலீஸ்காரர் துப்பாக்கியைத் தோளில் மாட்டியபடி நின்றார். சட்டப்படி அவர் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வரிசை முழுவதும் அசையாமல் நிற்க, அஞ்சலை அழுதுகொண்டே தின்று முடித்தாள்.

மறுநாள் பாதிப்பேர் சட்டியோடு வந்து கேட்டுக்குள் உட்கார்ந்தோம். அதற்கடுத்த நாள் எல்லோருமே. வெயில் ஏறிவிட்டால் பால் இறங்காது. துரை காரில் வந்து ஏன் தாமதம் என்று கேட்டார். கிராணி மொழிபெயர்த்தார். "சோறு வெளிய போவக் கூடாதுன்னாரு. போவல. வேற என்னா கொற?" என்றீர்கள். அதைக் கிராணி எப்படி மொழிபெயர்த்தார் என்று எனக்குத் தெரியாது. உங்களைக் கேட்டிலிருந்து எடுத்துப் புல்வெட்டில் போட்டார்கள். அந்த முழங்காலோடு குனிந்து வெட்டினீர்கள்.

காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு முன் கேட்டுக்குள் சாப்பிடலாம் என்று பிறகு உத்தரவு வந்தது. அதற்காகப் பெண்கள் இன்னும் முன்னதாக எழுந்து உலை வைத்தோம். அந்த எழுந்திருத்தலை வேலை என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. குழாயடியில் முதலில் உங்கள் பக்கத்தில் வந்து நின்றவள் அஞ்சலை. மற்றவர்களுக்கு நெடுநாள் ஆயிற்று. சிலர் கடைசிவரை வரவில்லை.

வேலியைப் பிரித்த பிறகு நீங்கள் கோலா சுங்கை பாருவில் மகள் வீட்டோடு இருந்து, மீன் காயவைக்கும் வேலைக்குப் போனீர்கள். ஒருமுறை அங்கே வந்தபோது, "அன்னிக்கு எப்படிக்கா அப்படித் தோணுச்சு?" என்று கேட்டேன்.

"தோண என்னா இருக்கு? தெனம் ஒங்கள தடவுனது நான்தான? ஒவ்வொருத்தியா எலும்பு கையில தட்டுப்பட ஆரம்பிச்சிருச்சு. யாருகிட்ட போயி சொல்ல?"

மீனைத் திருப்பிப் போட்டபடியே சொன்னீர்கள். அதன்பின் நாம் சந்திக்கவில்லை. நீங்கள் போன செய்தியும் காரியங்கள் முடிந்த பிறகே வந்தது.

நான் மஸ்ஜித் தானாவில் மளிகைக்கடைக்கு வாழ்க்கைப்பட்டேன். கடை இன்று மகளிடம் இருக்கிறது. காலையில் முன்கதவைத் திறப்பது மட்டும் இன்னும் நான்தான். பின்வாசல் வழியாக வேலைக்கு வருகிறவர்கள் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக் கைகழுவும் வரை திறப்பதில்லை. வெளியே ஆட்கள் தட்டுவார்கள். மகள் கோபப்படுவாள். சாவி என் இடுப்பில் இருக்கிறது.