டம்ளரை மூன்று தட்டு தட்டினால் எத்தனை கிராம்?

என் விஜயாவுக்கு,

நல்லாயிருக்கியா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. போய்ச்சேர்ந்தவளிடம் அதைக் கேட்கலாமா, கூடாதா? தெரியவில்லை. கேட்டுவிட்டேன், போ.

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு வருஷத் திதி. நம் மகள் கவிதாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஜெர்மனியிலேயே உன் படத்தை வைத்து, அதிரசம் சுட்டுப் படைக்கப்போகிறாளாம். "அம்மா சுட்ட மாதிரியே வரணும்ப்பா" என்று ஒரே அழுகை. உன் நோட்டில் "மாவு நாலு டம்ளர், வெல்லம் மூணு டம்ளர்" என்பதோடு சரி. தராசு அவளிடம் இருக்கிறது. உன் டம்ளரோ இங்கே, நெய்வேலி குவார்ட்டர்ஸில் என்னிடம் இருக்கிறது. ஒரு டம்ளர் எத்தனை கிராம் என்று என்னைக் கேட்டாள்.

இதென்ன பிரமாதம்! சுரங்கத்தில் வெட்டியதைக் கன மீட்டரில் அளந்து டன்னாக மாற்றிச் சொல்வதுதானே இருபத்தெட்டு வருஷமாக சர்வே செக்‌ஷனில் என் வேலை? பண்ருட்டிக்குப் போய் ஒரு சின்னத் தராசு வாங்கிவந்தேன். டம்ளரில் தண்ணீர் பிடித்து எடை போட்டேன். இருநூறு. மாவும் இருநூறு, வெல்லமும் இருநூறு என்று சொல்லிவிட்டேன். அங்கே அதிரசம் கருங்கல்லாக வந்திருக்கிறது.

"தண்ணியும் மாவும் ஒண்ணாப்பா?" என்று கத்தினாள். ஆபீஸில் வேறொருவன் இப்படிச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

மறுநாள் அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மிக்சியில் அரைத்து ஈரமாவையே எடை போட்டேன். மாவு நூற்று நாலு, வெல்லம் நூற்று அறுபது. இந்த முறை எண்ணெயில் போட்டதுமே பிரிந்துபோய்விட்டதாம். அதே மாவை மறுபடி அள்ளினேன், நூற்றுப் பதினெட்டு. அமுக்கினேன், நூற்று ஐம்பத்திரண்டு. ஒரே டம்ளர், ஒரே மாவு. எதுதாண்டி சரி? வெட்டிப்போட்ட மண் பொங்கி அதிக இடம் பிடிக்கும் என்று ஊருக்கே சொல்கிறவனுக்கு உன் மாவு பிடிபடவில்லை.

வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போதே எரிச்சலில் டம்ளரை மேடையில் தட்டினேன். டொக், டொக், டொக்.

"அப்பா! இன்னொரு வாட்டி தட்டுங்க."

"ஏன்?"

"அம்மா இப்படித்தான் தட்டுவாங்க. மூணு தட்டு. அமுங்கினதும் மறுபடி ரொப்பி, வெரலால வழிச்சி எடுப்பாங்க."

"உங்கம்மா என்மேல கோவத்துல தட்டுறான்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றேன்.

"கோவம் வந்தா அம்மா பேசவே மாட்டாங்களேப்பா. உங்களுக்குப் புடிக்கும்னுதான அதிரசமே சுடுவாங்க!"

நைட் ஷிப்ட் முடிந்து வந்து, ஹாலில் பேப்பர் படிக்கும்போது அந்தச் சத்தம் கேட்கும். எதற்கு வம்பு என்று சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு நழுவிவிடுவேன். ஒருநாள், ஒரே ஒருநாள், எட்டிப் பார்த்து "என்னடி பண்றே?" என்று கேட்டிருக்கக் கூடாதா? எனக்காக மாவு அளக்கும்போதெல்லாம் நான் வெளியே கிளம்பினேனே, நீ என்ன நினைத்துக்கொண்டாய் விஜயா?

மூன்று தட்டு தட்டி, ரொப்பி, வழித்து எடை போட்டேன். நூற்று முப்பத்தொன்பது. அவளுக்கு அனுப்பிவிட்டேன். சரியாக வருமா? உன் கை மெதுவாகத் தட்டுமா, ஓங்கித் தட்டுமா? அதுவும் எனக்குத் தெரியவில்லையே.

வெள்ளிக்கிழமை இங்கேயும் நான் நாலு அதிரசம் சுடுவேன். பிரிந்தாலும் கல்லானாலும் முதல் அதிரசம் உனக்குத்தான். அடுப்படியில் எந்தச் சத்தம் கேட்டாலும் சரி, இந்தத் தடவை நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகமாட்டேன்.

உன் வூட்டுக்காரன்