முதுகில் வீட்டு நம்பர்

அன்பு மகள் பெய்-ஜுனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கீலுங்கில் நானும் அப்பாவும் சுகம், மழையும் சுகம், பதினேழு நாளாக நிற்கவில்லை. ஹாம்பர்க்கில் நீ சுகமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லை என்றால் உடனே சொல். போனில் சொல்லலாம் என்றால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், கடிதம் என்றால் முழுவதும் படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் உன் அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இப்போது அது உன் அறை இல்லை. உன் மேஜை மேல் அப்பா ஒரு மெஷின் வாங்கி வைத்திருக்கிறார், பெரிய இஸ்திரிப் பெட்டியை வாய் திறந்து வைத்த மாதிரி இருக்கும். கம்ப்யூட்டரில் படமோ எழுத்தோ போட்டு, அதற்கென்றே விற்கிற தாளில் அச்செடுத்து, தாளை டீ-சர்ட் மேல் கவிழ்த்து, மெஷினை மூடிச் சூட்டில் அழுத்தினால் சட்டையில் ஒட்டிக்கொள்கிறது. முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் ரிப்பேர் செய்த மனிதருக்கு ஓய்வு பெற்றபின் கையில் ஸ்பேனர் இல்லாமல் இருக்க முடியவில்லை, எங்கள் ஃப்ரிட்ஜை இரண்டு தடவை கழற்றினார், அதற்கு இது தேவலை என்று நானும் விட்டுவிட்டேன். காலையில் அவரோடு கடலில் நீந்துகிற குழுவுக்குத்தான் முதலில் அடித்தார். தாளில் எழுத்தைத் திருப்பிப் போட்டு அச்செடுக்க வேண்டுமாம், மறந்துவிட்டார், எல்லாச் சட்டையிலும் எழுத்து இடம் வலம் மாறி வந்தது. முன்னால் போகிற காரின் கண்ணாடியில் சரியாகத் தெரியும் என்று சொல்லி எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். யாரும் கேள்வி கேட்கவில்லை. நீந்துகிறவர்கள் அப்படித்தான்.

இழுவைப் படகு ஓட்டிய லியாவ் கேப்டனை உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் நீ அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்று அழுதாய். அவரும் இந்த நீச்சல் குழுவில்தான் இருக்கிறார். அவருக்கு ஒரு வருடமாக ஞாபகம் தவறுகிறது. கடைக்குப் போய்விட்டு வேறு தெருவில் நிற்கிறார், யாராவது பார்த்துக் கூட்டி வருகிறார்கள். அவர் மனைவி சியூ-லான் அக்கா ஜூன் மாதம் அப்பாவிடம் வந்து, அவர் பெயரும் வீட்டு போன் நம்பரும் அடித்து ஐந்து சட்டை செய்து கொடுக்கச் சொன்னாள். செய்து கொடுத்தார். கேப்டன் அதைப் பார்த்துவிட்டு, "நான் என்ன தொலைஞ்சுபோன நாய்க்குட்டியா? சட்டை எதுக்கு, கழுத்துல சங்கிலியா போட்டுடு" என்றாராம். அந்தச் சட்டையாலேயே ஸ்கூட்டரைத் துடைத்திருக்கிறார். சியூ-லான் அக்கா என்னிடம் வந்து சமையலறையில் நின்று அழுதாள், நான் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டேன், வேறு என்ன செய்ய.

அப்பா இரண்டு நாள் யோசித்தார். ஒரு பல்பு மாற்றவே அவர் இரண்டு நாள் யோசிப்பவர் என்பது உனக்குத் தெரியும். மூன்றாம் நாள் குழுவில் இருக்கிற பதினோரு பேருக்கும் ஒரே நீலத்தில் சட்டை அடித்தார், முன்னால் ஒரு இழுவைப் படகு, முதுகில் ‘தகவல் சொல்ல வேண்டிய வீடு’ என்று போட்டுக் கீழே அவரவர் வீட்டு நம்பர். கடலில் நீந்துகிறவர்களுக்குப் பாதுகாப்பு முக்கியம், யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் எந்த வீட்டுக்குச் சொல்வது என்று தெரிய வேண்டாமா என்றார். கேப்டன் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சரி தம்பி. ஆனா எழுத்து எறும்பு மாதிரி இருக்கு, அம்பது மீட்டர்ல தெரிய வேணாமா? என் படகுல இப்படிச் செஞ்சிருந்தா உன்னைக் கரையில இறக்கிவிட்டிருப்பேன்" என்றார். பதினோரு சட்டையையும் அப்பா மறுபடி அடித்தார், இந்தத் தடவை நம்பர் தோளிலிருந்து தோள் வரைக்கும். அன்றிலிருந்து கேப்டன் தினமும் அதைத்தான் போட்டார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாங்கள் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரு பெண் குரல். "ஆன்ட்டி, பயப்படாதீங்க, உங்க வீட்டுக்காரர் இங்க சுவாவ் துறைமுகத்துல பத்திரமா இருக்கார். நான் பக்கத்துக் கடையில வேலை பார்க்கிறேன், சட்டையில இந்த நம்பர் இருந்துச்சு" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "அவரு இங்க சாப்பிட்டுக்கிட்டிருக்காரும்மா" என்றேன். "அப்ப இவர் யாரு ஆன்ட்டி?" என்றாள். அப்பா எழுந்து, சட்டையைக் கழற்றி முதுகுப் பக்கத்தைப் பார்த்தார். அதில் இருந்தது லியாவ் வீட்டு நம்பர். காலையில் உடை மாற்றும்போது இரண்டு பேரும் மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், இரண்டும் ஒரே அளவு. அப்பா கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவர் மிச்சம் வைத்த முதல் கிண்ணம் அது.

சியூ-லான் அக்கா அதுவரை கேப்டன் எங்கள் வீட்டில் சதுரங்கம் ஆடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சுவாவ் ரயில் ஏறிப் போகிற தூரத்து ஊர், மூன்று பேரும் காரில் போனோம். அங்கே போனால் கேப்டன் ஒரு மீன் பெட்டி மேல் உட்கார்ந்து, கடைப் பெண் கொடுத்த முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டு, படகுக்காரர்களைக் கயிறு கட்டத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன கயிறு நிஜமாகவே தப்பாகத்தான் கட்டியிருந்தது என்று ஒரு படகுக்காரர் என்னிடம் தனியாகச் சொன்னார். எங்களைப் பார்த்ததும், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார் கேப்டன்.

திரும்பி வரும்போது சுரங்கப்பாதைக்குள், யாரும் எதுவும் கேட்காமலே, "எந்த ரயில்ல ஏறினேன்னு தெரியல தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தச் சட்டை கடலுக்கு இல்ல, எனக்குத்தான்னு அன்னைக்கே தெரியும். பதினோரு பேருக்கும் அடிச்சியே, அதான் போட்டுக்கிட்டேன்" என்றார். அப்பா இடதுபக்க இண்டிகேட்டரைப் போட்டார். அந்தச் சுரங்கப்பாதையில் திரும்புவதற்கு இடமே கிடையாது. பின்சீட்டில் சியூ-லான் அக்கா கேப்டன் கையைப் பிடித்திருந்தாள், அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

இப்போது கேப்டன் தனியாக வெளியே போவதில்லை, குழுவில் ஆளுக்கொரு நாள் முறை வைத்துக் கூடப் போகிறார்கள், வியாழன் அப்பா முறை. கேப்டனுக்கு எல்லா நாளும் ஞாபகம் இருப்பதில்லை, ஆனால் கடலில் இறங்கிவிட்டால் நேராக நீந்துகிறார்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, அந்த ஊர்க் குளிரை அலட்சியம் செய்யாதே. உன் கைகால் திடமாக இருக்கட்டும், செய்கிற வேலை கைகூடட்டும், நல்ல மனிதர்கள் உன் பக்கத்தில் இருக்கட்டும். ஒரே ஒரு விஷயம் மறக்காதே. ஒரு நம்பர் போதாது, வீட்டில் ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அப்பா எல்லாச் சட்டையிலும் இரண்டாவது நம்பரும் அடித்துவிட்டார். கேப்டனுக்குப் பிள்ளை இல்லை, அவர் எங்கள் நம்பரைப் போடச் சொன்னார். அப்பா தன் சட்டையில் உன் நம்பரைப் போட்டிருக்கிறார். அதனால் இங்கிருந்து தெரியாத நம்பரில் போன் வந்தால் மீட்டிங்காக இருந்தாலும் எடு. யாரோ வேறு ஆளைப் பற்றிச் சொன்னாலும் தப்பு நம்பர் என்று வைத்துவிடாதே, அங்கே நிற்பது யார் என்று கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா யுவே-ஏ