ஒன்பதாவது வாக்கியம்

புதன் இரவு

என் அக்காவுக்குத் தங்கை எழுதுவது.

நர்ஸ் விடுதிச் சாப்பாடு இப்போது பழகிவிட்டதா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. குளியலறையில், கவிழ்த்த வாளி மேல் அப்பாவின் டார்ச்சை வைத்து எழுதுகிறேன். விடிவதற்குள் அது அவருடைய வேலைப் பையில், இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

ஒரு தப்பு செய்துவிட்டேன். உங்கள் வகுப்பு ‘கொக்கி’ என்று பெயர் வைத்த தமிழ் டீச்சர்தான் இப்போது எங்களுக்கும். போன வாரம் ‘புண்’ என்ற சொல்லைக் கொடுத்தார். அகராதியைப் பார்த்துப் பொருள்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் அமைக்க வேண்டும். அவருடைய பழைய சட்டம் மாறவில்லை. வாக்கியம் கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டை.

வாய்ப்புண்ணுக்கு என் பல் கம்பியை எழுதினேன். மனம் புண்படுதல், வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுதல் எல்லாம் சுலபமாக முடிந்தன. பிறகு விழுப்புண், புறப்புண். பழைய பாட்டுகளில் வருமாம். போரில் முகத்திலும் மார்பிலும் பட்டால் விழுப்புண், அது பெருமை. முதுகில் பட்டால் புறப்புண், ஓடியவனுக்குப் பட்டது, அதனால் அவமானம். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஒன்பதாவது வாக்கியமாக இப்படி எழுதிவிட்டேன்: “என் அம்மாவின் முதுகில் இருப்பது புறப்புண் அல்ல, அவள் ஓடவில்லை, என்னைக் கட்டிக்கொண்டு திரும்பி நின்றாள்.”

நீ போன பிறகு, அப்பா என் மேல் வயரை ஓங்கிய அன்று நடந்தது இது. கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்த வயர் சுருள் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இப்போதும் உள்ளே நுழைகிறேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா அளவெடுக்கும்போது அம்மாவின் முதுகைப் பார்த்துவிட்டார். படிக்கட்டில் வழுக்கியதாக அம்மா சொன்னாள். “மாடியே இல்லாத வீட்டுல அவ்வளவு பொல்லாத படிக்கட்டா?” என்று அவர் கேட்டதும் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் முதுகு வலித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்று வகுப்பு முடிந்ததும் கொக்கி என்னை மட்டும் நிறுத்தினார். “இது நீ பார்த்ததாம்மா?” என்று கேட்டார். கற்பனை என்றேன். “கற்பனைக்குத்தான் நான் மார்க் போடறதில்லையே” என்று சொல்லிவிட்டு, என் எதிரிலேயே முழு மதிப்பெண் போட்டார். அதன் கீழே சிவப்பு மையில், ‘அம்மாவை நேரில் பார்க்க வேண்டும்’ என்றும் எழுதினார். நல்ல மனதோடுதான் எழுதினார். திங்கட்கிழமை பெற்றோர் கையெழுத்தோடு நோட்டு வர வேண்டும். நம் வீட்டில் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அப்பா பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பக்கத்தைக் கிழிக்க ஓரத்தைப் பிடித்தேன். கிழித்தால், அம்மா படிக்கட்டில்தான் வழுக்கினாள் என்று நானும் சொன்னதாகிவிடும். விட்டுவிட்டேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் எனக்குக் குறுக்கே வந்து நிற்பாள்.

கட்டில் கிறீச்சிட்டது. டார்ச்சை அணைத்துவிட்டு இருபது வரை எண்ணினேன். யாரும் வரவில்லை.

காலையில் தையல்காரம்மா இதைத் தபாலில் சேர்ப்பார். வெள்ளிக்கிழமை உன் கையில் இருக்கும். பதில் எழுதாதே, கடிதங்களை அப்பாதான் பிரிக்கிறார். போனும் அவரிடம்தான். நீயே வா, ஞாயிறு நான்கு மணிக்கு முன்னால். தனியாக வராதே. உங்கள் வார்டன் யாருக்கும் பயப்படமாட்டார் என்று எழுதியிருந்தாயே, அவரையும் கூட்டிக்கொண்டு வா.

நீ கிளம்பிய அன்று வலது கையைத் தூக்கவே முடியாமல், பெட்டியை இடது கையில் எடுத்துக்கொண்டு போனாய். அந்தத் தோள் ஆறிவிட்டதா? நீ ஓடிப்போய்விட்டாய் என்று அப்பா எல்லோரிடமும் சொல்கிறார். நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை, அக்கா.

வாசலையே பார்த்திருக்கும்
உன் தங்கை