பால்கட்டு என்று சொன்னவள் நான்தான்

என் அஞ்சலை அக்காவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்திலாவது உனக்கு வலி இல்லை என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றில், நடவு முடிந்து குளிக்கும்போது மார்பில் கட்டி தட்டுப்படுகிறது என்று என்னிடம்தான் முதலில் சொன்னாய். உன் மகள் செல்வி அப்போது கைக்குழந்தை. "பால்தான் கட்டிக்கினு கீது. பூ வச்சிக் கட்டினா எறங்கிடும்" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி. மல்லிகைப்பூ வாங்கி வந்து உன் மார்பில் வைத்துக் கட்டியதும் நான்தான். பால் வற்றிப்போய் செல்வி அழுதாள். கட்டி அப்படியே இருந்தது.

அதே வருஷம் நிலத்துக்காரர் மனைவிக்கும் கட்டி வந்தது. காரில் மெட்ராஸ் போய் ஆபரேஷன் செய்துகொண்டார். போன மாதம்கூட அவரைக் குன்றத்தூர் கோயில் படியில் பார்த்தேன். எனக்கு அவர்மேல் கோபமில்லை. பொய் சொல்வானேன், இருக்கிறது. உனக்கு மெட்ராஸ் போவதென்றால் கூலி போகும், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. புண்ணாகி வாடை வந்த பிறகுதான் போனோம். "ஏம்மா இவ்ளோ நாளு வரல?" என்று நர்ஸ் கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏன் அக்கா?

நாம் நட்ட நிலத்தில் இப்போது கம்பெனி நிற்கிறது. செல்வி அங்கே காண்ட்ராக்டில் லைன் வேலை பார்க்கிறாள். போன மாதம் மார்பைப் பரிசோதிக்கும் வண்டி ஒன்று கம்பெனிக்குள் வந்ததாம். பெர்மனென்ட் ஆட்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் மட்டும்தான். செல்வி அதைத் தாண்டி ஷிப்டுக்குப் போயிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "சித்தி, எனக்கும் ஒண்ணு தட்டுப்படுது. பாப்பா பால் குடிக்கிறா இல்ல, அதான் போல. பூ வச்சிக் கட்டட்டா?"

அக்கா, அவளுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? நானேதான் எப்போதோ சொல்லியிருப்பேன்.

மறுநாளே அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். லீவு போட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொன்னானாம். போட்டுக்கொள்ளட்டும் என்றேன். எனக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டேன்; அவளுக்கு அது சோறு. மூன்று நாள் வரிசையில் நின்றோம். ஊசி குத்திச் சதை எடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை முடிவு தெரியும்.

என்ன வந்தாலும் உன் மகளைத் தனியாக விடமாட்டேன். ஏன் முன்னாலேயே வரவில்லை என்று யாராவது அவளைக் கேட்டால், இந்த முறை அவள் தலைகுனியத் தேவையில்லை. வண்டி வாசலுக்கே வந்தும் இவளை ஏற்றவில்லை என்று நான் சொல்வேன். உன் கதையையும் சொல்வேன், பூ கட்டியது யார் என்பதையும் சேர்த்து.

உன் மார்பில் பூ வைத்துக் கட்டிய தங்கை,
ராணி