அண்ணா சோலோதுர்ன் மேடை ஏறவேண்டும்

லாங்கன்தால்,
பெப்ரவரி 9, ஞாயிறு

என்றும் என் அன்புக்குரிய சிறீதரன் அண்ணாவுக்கு,

தங்கச்சி சந்திரமதி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், பனிதான் விடாமல் கொட்டுகிறது. எனக்கு உங்களில் சரியான கோபம். மார்ச்சில் இங்கே சோலோதுர்ன் நகரில் நடக்கவிருந்த உங்கள் முதல் தமிழ் நிகழ்ச்சிக்கு வரமாட்டேன் என்று தமிழ்ச் சங்கத்து விஜிதரனுக்கு அறிவித்தீர்களாம். தொண்டையில் ஒப்பரேஷன் செய்தபிறகு குரல் கெட்டுவிட்டதாம். மண்டபம் எடுத்தவருக்குச் சொன்னீர்கள், கூடப்பிறந்தவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

போன கிழமை என் மகள் கோபிஷா தன்னோடு படிக்கும் சுவிஸ் பிள்ளைகளைக் கூட்டிவந்தாள். என்ர மாமா அமெரிக்காவில் பெரிய கொமெடியன் என்று பெருமையடித்து, ஒப்பரேஷனுக்குப் பிறகு நீங்கள் சிக்காகோவில் செய்த நிகழ்ச்சியைப் போட்டாள். சரிவரவில்லை என்று விஜிதரனிடம் கவலைப்பட்டீர்களாமே, அதுதான். அதில் ஒரு கதை, அகதி விசாரணையில் அதிகாரி கேட்டதற்கெல்லாம் ஆமென்று சொல்வதாக நினைத்து, எங்கள் பழக்கத்தில் நீங்கள் ஓம், ஓம் என்று தலையாட்டினீர்கள். அந்த மனிதனோ உங்களைத் தியானத்தில் இருக்கும் சாமியார் என்று நம்பி, கேள்வியை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டான். அந்தக் கதை வந்ததும், உங்கள் குரல் கரகரத்து அந்த ஓம் இழுபட, பிள்ளைகள் சோபாவிலிருந்து சரிந்து சரிந்து சிரித்தார்கள். என் மனுசன் தவராஜா, சிரிப்பு கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள். அவருக்கே தேத்தண்ணி மூக்கால் வந்தது. முந்தின குரலைவிட இதுதான் நல்லாக் கிடக்கு, அசல் கிழட்டுச் சாமியார் என்றார்.

பகலில் பெற்றோல் செட்டில் நின்று, இரவில் சம்பளமில்லாமல் கிளப்புகளில் ஐந்து நிமிடம் பேசியவர் நீங்கள். முதல் படத்தில் பிணமாக வந்தீர்கள். அம்மா அழுதுகொண்டே நல்லா நடிக்கிறான் என்றார். பிறகு டாக்டராக நடித்தபோது, மகன் டாக்டராகிவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார், நானும் திருத்தவில்லை. டாக்சி ஓட்டுநர், கடைக்காரர் என்று எதைத் தந்தாலும் செய்தீர்கள். இன்று உங்கள் பெயரைப் போட்டாலே மண்டபம் நிறைகிறது. தொழிற்சாலையில் என் லாக்கர் கதவில் உங்கள் படம்தான் ஒட்டியிருக்கிறது. யாரென்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை வருடத்தில் நீங்கள் சுவிஸுக்கு வந்ததெல்லாம் கல்யாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்கும்தான். எனக்கும் அமெரிக்கா வர ஒருநாளும் வாய்க்கவில்லை. உங்களை ரீவியில் பார்த்தேன், போனில் பார்த்தேன், அவ்வளவுதான். அதனால் மண்டபத்தை விடவேண்டாம், அண்ணா வருவார் என்று விஜிதரனுக்கு நானே சொல்லிவிட்டேன். கேட்காமல் செய்ததற்கு ஏச வேண்டுமென்றால் நேரில் வந்து ஏசுங்கள். மைக்கைக் கொஞ்சம் கிட்டப் பிடித்தால் போதும். சனம் சிரிக்காவிட்டால் போகட்டும்.

கடவுள் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். வந்துவிடுங்கள் அண்ணா. உங்களுக்கு முன்னால் இருந்து ஒருமுறையாவது நான் சிரிக்கவேண்டும்.

உங்கள் கோபக்காரத் தங்கச்சி,
சந்திரமதி