ஆல்ட்டோடு எம்

மார்ச் 3

ஒரு கழித்தல் குறியைக்கூடத் தேடி எடுக்கத் தெரியாதவர் எப்படி ஒரு பிரிவுக்குத் தலைவராகிறார்? எனக்குப் பதில் தெரியவில்லை.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களைத் தயாரிப்பது எங்கள் வேலை. ±, ≤, µ என்று ஒவ்வொன்றையும் பட்டியலில் துழாவி எடுப்பதற்குள் கண் பூத்துவிடும். இன்று அவற்றுக்கெல்லாம் விசைப்பலகையில் குறுக்குவிசைகள், அதாவது ஷார்ட்கட், அமைத்தேன். ஆல்ட்டோடு எம் தட்டினால் மைக்ரோவுக்கான µ. மூன்று மணிக் கூட்டத்தில் தலைவர் அதையே காட்டி, "நான் ஒரு சிஸ்டம் கொண்டுவந்திருக்கேன்" என்றார். எதற்கும் "கொஞ்சம் மெருகேத்துவோம்" என்பதால் அவருக்கு எங்களிடையே மெருகு என்று பெயர். பக்கத்து இருக்கைக்காரி என் காதருகே, "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9

என் விசைப்பலகையில் எண்ணெய். வறுத்த கடலை தின்ற விரலால் மெருகு என் ஆல்ட்டை அழுத்தி அழுத்தி, பார்க்க வந்தவர்களுக்கு வேடிக்கை காட்டியிருக்கிறார். ஸ்பிரிட் போட்டு இரண்டு முறை துடைத்தேன். பிசுக்கு போகவில்லை.

மார்ச் 16

அச்சான மாதிரித் தாள் வந்தது. தைராய்டு மாத்திரை. "50 mg."

அக்கா பன்னிரண்டு வருடமாகப் போடுகிற மாத்திரை. அது ஐம்பது மைக்ரோகிராம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இது ஆயிரம் மடங்கு. நான் படித்துக் கையெழுத்திட்டபோது µg என்றுதான் இருந்தது.

பிறகு மெருகு தாள் முழுவதற்கும் எழுத்துருவை மாற்றியிருக்கிறார். அழகுக்காக. அது அவர் குற்றம். ஆனால் என் குறுக்குவிசை உண்மையான µ-வைப் போடவேயில்லை. குறிகளுக்கான எழுத்துருவில் m அடித்தால் µ போலத் தெரியும். அவசரத்தில் அதைத்தான் பதித்து வைத்தேன். எழுத்துரு மாறியதும் வேஷம் கலைந்து m ஆகிவிட்டது. இரண்டு நிமிடச் சோம்பேறித்தனம். சீ.

மெருகிடம் தாளைக் காட்டினேன். "நாளைக்கு லாரி கிளம்புது மேடம். பெட்டி மேல சரியாத்தானே இருக்கு? உள்ள இருக்கிற தாளை யாரு படிக்கிறா? அப்புறம்... கையெழுத்து உங்களோடது." சொல்லிவிட்டுக் கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

"அந்தத் தாளா? பிரிச்சதும் கசக்கிப் போட்டுடுவேன்டி. எதுக்குக் கேக்கற?"

"சும்மா."

அவளும் படிப்பதில்லை. அதனால்? படிக்கிற ஒரே ஒருத்தி எங்காவது இருந்தால்? மருந்துக் கம்பெனிக்கு எழுதினால் என் வேலை போகலாம். எழுதாவிட்டால் — இந்தக் கையால எப்படிச் சாப்பிடுவேன்?

மார்ச் 17

காலை எட்டு மணிக்கு மருந்துக் கம்பெனிக்கு எழுதினேன். என் தவறு முதலில், எழுத்துரு மாற்றம் அடுத்து. லாரி கிளம்பவில்லை. ஒன்பதரைக்கு அங்குள்ள மருந்தாளர் அழைத்தார். திட்டவில்லை. "அதே ஷார்ட்கட்ல வேற எத்தனை தாள் பண்ணியிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். நான்கு. எதுவும் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

பதினொரு மணிக்கு மெருகு எல்லோரையும் கூட்டினார். "அந்த ஷார்ட்கட் எல்லாம் மேடமோட ஐடியாங்க. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"ஆமாம், என்னுடையதுதான்" என்றேன்.

இருக்கைக்கு வந்து பழையதை அழித்தேன். ஆல்ட்டோடு எம்முக்கு உண்மையான µ-வை வைத்தேன். பிறகு அந்த நான்கு தாள்களையும் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.