ரெத்தினம் குட்டை

ஆலங்கரை
12-9-1974

என் மாமாவுக்கு,

அம்சம் எழுதுவது. இங்கே நான், உங்கள் அம்மா, ஆடு எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். திருச்சிச் சிறையில் சோறு எப்படி? புளித்தண்ணீரைக் குழம்பென்று ஊற்றினாலும் குடித்துத் தொலையுங்கள், உடம்பை விடாதீர்கள்.

பண்ணையார் வைத்தியலிங்கம் வாய்க்காலை மறித்துக் கட்டியிருந்த மண்ணையும் வைக்கோலையும் உடைத்ததற்குத்தானே உங்களைப் பிடித்துப் போனார்கள்? அது உடைந்தபடியே கிடக்கிறது. ஆனாலும் தண்ணீர் நம் பக்கம் வரவில்லை. பண்ணை வயலைத் தாண்டி நம் வாய்க்கால் தொடங்கும் தலைப்பிலேயே நின்றுவிடுகிறது. நாற்று மஞ்சளடித்துவிட்டது. சர்க்கார் கொடுத்த நிலம் இந்தச் சம்பாவுக்கும் தரிசாகக் கிடந்தால் பட்டாவைப் பிடுங்கிவிடுவார்கள் என்று கர்ணம் மிரட்டுகிறார். நான் என்ன செய்யட்டும்?

அம்சம்

திருச்சி
17-9-1974

அன்புள்ள அம்சத்துக்கு,

இதற்கா இத்தனை புலம்பல்? வாய்க்கால் தலைப்பில் இடுப்பளவுக்கு வெட்டச் சொல். பள்ளத்தைக் கண்டால் தண்ணீர் தானாக ஓடி வரும். ஊரெல்லாம் யோசனை கேட்காமல் நான் சொல்வதைச் செய். மீன் குழம்பு வைத்தால் என் பங்கையும் நீயே சாப்பிடு. உன் முகம்தான் கண்ணிலேயே நிற்கிறது.

உன் ரெத்தினம்

ஆலங்கரை
26-9-1974

யோசனை சொன்ன புண்ணியவானுக்கு,

தெருவே திரண்டு வெட்டினோம். தண்ணீர் வந்து உங்கள் பள்ளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. தவளைகளுக்குக் கொண்டாட்டம். பக்கத்து வீட்டுப் பூவம்மாள் சிரித்த சிரிப்பில் என் மானமே போயிற்று.

பிறகு நானும் அவளும் வாய்க்காலில் இறங்கிக் கடைசிவரை நடந்து பார்த்தோம். பண்ணையார் மறித்திருந்த இரண்டு வருஷமும் தண்ணீர் கசிந்துதான் வந்திருக்கிறது. ஓடுகிற தண்ணீர் வண்டலைத் தள்ளிக்கொண்டு போகும், கசிகிற தண்ணீர் அங்கங்கே போட்டுவிட்டுப் போகும். நடுவாய்க்கால் தலைப்பைவிட மேடாகிவிட்டது. தலைப்பை எவ்வளவு வெட்டினால் என்ன?

அதற்குள் மேற்கே மழை கொட்டித் தீர்த்துவிட்டது. இங்கே வெறும் தூறல்தான். வந்த வெள்ளமெல்லாம் பண்ணை வயலில் ஏறி, வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. அவருக்கு வடிகால் நம் வாய்க்கால்தானே! பயிரின் நுனி மட்டும் தெரிகிறது. அவருக்கு மண்வெட்டி பிடிக்க நம் தெருவை விட்டால் ஆளும் கிடையாது. நேற்று அவரே வரப்பில் வந்து நின்றார்.

"வாய்க்கால வெட்டி வுடுங்கம்மா, பயிரு அழுவிப் போவுது."

இவ்வளவு மரியாதை அந்த வாயில் நம் தெரு கேட்டதே இல்லை.

"வெட்டுறோங்க. மொதல்ல சமாதானமாப் போறேன்னு கோர்ட்டுல ராஜி பண்ணி எங்க வூட்டுக்காரர வெளிய வுடச் சொல்லுங்க. இனிமே மறிக்க மாட்டேன்னு பஞ்சாயத்துல சொல்லுங்க."

வரப்போடு திரும்பிப் போய்விட்டார். நம் நாற்றும் சாகக் கிடப்பதை அவர் கவனிக்கவில்லை. கவனித்தால் நான் தோற்றேன். பயமாகத்தான் இருக்கிறது, மாமா.

அம்சம்

ஆலங்கரை
4-10-1974

வெளியே வரப்போகிற என் மாமாவுக்கு,

ஜெயித்துவிட்டோம்! நான் கடிதம் போட்ட மறுநாளே பண்ணையார் பஞ்சாயத்தில் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். ராஜி மனுவும் கொடுத்துவிட்டார். இந்த வாரமே உங்களை விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொல்கிறார்.

இந்தத் தடவை கடைசியிலிருந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டு போனோம். அப்படி வெட்டினால் ஊறுகிற தண்ணீர் பின்பக்கம் இறங்கிவிடும். எங்கே தேங்குகிறதோ அதற்குக் கீழே இன்னும் மேடு இருக்கிறதென்று தெரிந்துவிடும். தலைப்பில் கடைசி மண்ணை எடுத்ததும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. நாங்களும் கரையோடு கூடவே ஓடினோம். உங்கள் அம்மா குலவை போட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பண்ணையார் பயிரை மூழ்கடித்த தண்ணீரில் நம் நடவு முடிந்துவிட்டது. பட்டாவை இனி யார் தொடுவது?

உங்கள் பள்ளத்தை நாங்கள் தூர்க்கவில்லை. வேகமாக வருகிற தண்ணீர் அதில் கொஞ்சம் தயங்கி, வண்டலை அங்கேயே போட்டுவிட்டு இறங்குகிறது. வருஷா வருஷம் அதை வாரினால் வாய்க்கால் சீக்கிரம் தூராது. பூவம்மாள் அதற்கு ரெத்தினம் குட்டை என்று பெயரும் வைத்துவிட்டாள். பெயருக்குரியவர்தான் வார வேண்டும் என்று தெருவில் பேசி முடித்தாயிற்று.

மீன் குழம்பு வைத்துக் காத்திருப்பேன். மண்வெட்டியையும் கழுவி வாசலில் வைத்திருக்கிறேன்.

உங்கள் அம்சம்